துணியா, உலோகமா? கிளாரினெட் ஊதும் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

பேண்டு செட்டிலும் பள்ளி, கல்லூரி வாத்தியக் குழுக்களிலும் தேவாலய இசைக்குழுக்களிலும் கர்நாடக இசை வகுப்புகளிலும் கிளாரினெட் ஊதுகிற தம்பி தங்கைகளுக்கு,

கிளாரினெட் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் உங்களில் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, துணி லிகேச்சர் வாங்கலாமா, இல்ல மெட்டலே இருக்கட்டுமா?" கேட்பவர் கையில் பெரும்பாலும் பணம் அதிகம் இருக்காது. கல்யாண சீசனில் ஊதிச் சேர்த்தது, அல்லது அப்பாவிடம் கெஞ்சி வாங்கியது. ரீடை மவுத்பீஸோடு சேர்த்துப் பிடிக்கும் இந்த லிகேச்சரை மாற்றினால் ஒலியே மாறிவிடும் என்று யாரோ சொல்லி நம்பிக்கை ஊட்டியிருப்பார்கள். அந்தப் பணம் வீணாகக் கூடாது என்ற அக்கறையில்தான் இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணி, தோல் லிகேச்சர்கள் ஒருவகை வேலைக்கு ஏற்றவை, உலோகம் இன்னொரு வகை வேலைக்கு ஏற்றது. எதை வாங்கினாலும் அது மூன்றாவதாகத்தான் வர வேண்டும். முதலில் ரீடு, அடுத்து மவுத்பீஸ், அதற்குப் பிறகுதான் லிகேச்சர். இந்த வரிசையைப் புரட்டிப்போட்டு ஏமாந்த பிள்ளைகள் நிறையப் பேர்.

ஏன் அந்த வரிசை என்பதற்கு ரீடு செய்கிற வேலையைப் பார்க்க வேண்டும். ரீடின் நீளம் சுமார் ஏழு சென்டிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி சரிவாகச் சீவப்பட்டிருக்கும், மறுபாதி பட்டையோடு தடித்திருக்கும். நுனியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். மவுத்பீஸின் நுனிக்கும் அந்த ரீடுக்கும் நடுவே உள்ள வாய் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். நாம் ஊதும்போது அந்த நுனி வாயை மூடித் திறந்து மூடித் திறந்து காற்றை வெட்டிவிடுகிறது. 440 ஹெர்ட்ஸ் சுருதி ஒலித்தால் நொடிக்கு 440 முறை அப்படி நடக்கிறது. அசைவதெல்லாம் சீவிய பாதி. லிகேச்சர் பிடித்திருப்பது அசையாத பாதியை. ரீடின் தட்டைப் பக்கம் மவுத்பீஸின் மேசை எனப்படும் தட்டைப் பரப்பின்மேல் காற்றுக் கசியாமல் படிந்திருக்க வேண்டும், ஊதும்போது நகரக் கூடாது, இறுக்கத்தில் நெளியவும் கூடாது. லிகேச்சருக்கு நாம் தந்திருக்கும் வேலை அவ்வளவுதான். அதைச் சரியாகச் செய்கிற எந்த லிகேச்சரும் நல்ல லிகேச்சரே.

இதை நம்பக் கஷ்டமாக இருந்தால் ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும் பாருங்கள். அங்கே இன்றைக்கும் ரீடைக் கயிற்றால் கட்டி ஊதுகிற தேர்ந்த கலைஞர்கள் இருக்கிறார்கள். மவுத்பீஸின் வெளிப்புறத்தில் கயிறு வழுக்காமலிருக்க வரி வரியாகக் கோடு வெட்டியிருக்கும். ரீடை வைத்து, ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவதுபோல் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே போய், கடைசியில் முனையைச் செருகிவிடுவார்கள். கிளாரினெட் பிறந்த காலத்திலிருந்து வந்த வழக்கம் அது. 1791இல் மோட்சார்ட் தன் நண்பர் ஆன்டன் ஷ்டாட்லருக்காகக் கிளாரினெட் கான்சர்ட்டோ எழுதினார். அன்று உலோக லிகேச்சரே கிடையாது. திருகு வைத்த உலோக லிகேச்சரைக் கொண்டுவந்தவர் என்று இவான் முல்லரைச் சொல்வார்கள். பதின்மூன்று சாவிக் கிளாரினெட்டை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் முன்வைத்தவர் அவர்தான். கயிற்றைச் சுற்ற நேரமாகும், அவிழ்க்கவும் நேரமாகும். திருகு வந்தபின் ரீடு மாற்றுவது சில நொடி வேலை ஆனது. பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கயிறு வழக்கொழிந்ததற்கு இந்தச் சௌகரியம் பெரிய காரணம். ஒலி போதவில்லை என்று கயிற்றை விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நம் ஊரில் நாதஸ்வரக்காரருக்கு இது புதிதல்ல. நாதஸ்வரத்தின் நாக்கான சீவாளியை நூலால் கெண்டை என்ற சிறு குழலில் கட்டுவதுதான் அவர்கள் வழக்கம். திருவாவடுதுறையில் கட்டிய சீவாளிக்கு வித்வான்கள் காத்திருந்து வாங்கிய காலம் உண்டு. அது இரட்டை நாக்கு, கிளாரினெட்டுக்கு ஒற்றை நாக்கு. ஆகவே கட்டும் முறை ஒன்றல்ல. ஆனாலும் நூல் பிடித்த நாக்கு பேசும் என்பதற்கு நம் கோவில் வாசலிலேயே சாட்சி இருக்கிறது.

இனி உலோகம். உங்கள் கிளாரினெட் பெட்டியோடு வந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: பித்தளைத் தகட்டை வளைத்து, மேலே நிக்கல் பூசி, இரண்டு திருகு வைத்தது. இதை மலிவுச் சாமான் என்று கழிக்க வேண்டாம். வட்டம் கெடாமல், திருகு சிக்காமல் இருந்தால் அது பல வருடம் உழைக்கும். கெட்டுப்போவது இரண்டு வழியில். மவுத்பீஸிலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் வெறுமனே போடுவதால் ஏதாவது மேலே அழுந்தித் தகடு நசுங்கிவிடும். நசுங்கியதை மாட்டினால் ரீடின் ஒரு ஓரத்தில் மட்டும் பிடிக்கும். இன்னொன்று கடற்கரை ஊர்களின் உப்புக் காற்று. பூச்சு உரிந்து, பித்தளை களிம்பேறி, திருகு மரையில் இறுகிவிடும். பிடிவாதமாகத் திருகினால் மரை போய்விடும்.

உலோகத்தின் ஒலி பளிச்சென்று இருக்கும், நாக்கு அடிப்பது தெளிவாகக் கேட்கும் என்பது ஊதுபவர்கள் பரவலாகச் சொல்வது. என் காதுக்கும் அது ஓரளவு சரியாகவே படுகிறது. ஆனால் எல்லா உலோக லிகேச்சரையும் ஒரே கூடையில் போட முடியாது. சாதாரணத் தகடு ரீடின் முதுகை அகலமாகத் தழுவும். போனாட் லிகேச்சர் அப்படியில்லை. பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவில் வாசித்த டேனியல் போனாட் பெயரில் வருவது அது. உட்பக்கம் இரண்டு நீள வரம்பு எழுப்பி, அந்த இரண்டு வரம்பு மட்டும் ரீடைத் தொடும்படி செய்திருப்பார்கள். வாண்டோரன் கம்பெனியின் ஆப்டிமம் என்ற லிகேச்சரோடு மாற்றிப் போட்டுக்கொள்ள மூன்று தகடுகள் தருகிறார்கள். ஒவ்வொரு தகடும் ரீடை வெவ்வேறு இடத்தில் தொடும். ஒரே லிகேச்சர், ஒரே உலோகம், தகட்டை மாற்றினால் ஊதுகிற உணர்வு மாறுகிறது.

துணி லிகேச்சருக்கும் இதே கதைதான். துணி என்று சொல்கிறோமே தவிர, பல லிகேச்சர்களில் அது ரப்பர் ஏற்றிய கெட்டித் துணி, சிலவற்றில் தோல். பெரும்பாலும் ஒரே திருகு. அமெரிக்காவின் ரோவ்னரும் பிரான்ஸின் பிஜியும் இந்த வகைக்குப் பேர் போனவை. சிலவற்றில் துணியே நேராக ரீடின் மேல் படியும். சிலவற்றில் உட்பக்கம் ரப்பர் வரம்போ உலோகத் துண்டோ வைத்துத் தைத்திருப்பார்கள். உலோகத் துண்டு வைத்த துணி லிகேச்சர், பெயருக்குத் துணி, ரீடுக்கு உலோகம்! ஆகவே "துணியா, உலோகமா" என்று கேட்பதைவிட, "இது ரீடை எங்கே, எவ்வளவு அகலத்தில் தொடுகிறது" என்று கேளுங்கள். கடையில் லிகேச்சரைக் கையில் எடுத்ததும் முதலில் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெளியே மின்னும் பூச்சுக்குத் தரும் பணத்தில் ஒலிக்கு ஏதும் வந்து சேர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. பொன் பூச்சு களிம்பேறாமல் காக்கும், அது உண்மைதான். அந்தக் காரணத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் தெரிந்தே வாங்குங்கள்.

துணியின் பெரிய நன்மை, மவுத்பீஸின் வட்டத்துக்குத் தானே இணங்கிப்போவது. புதிதாகக் கற்கும் பிள்ளை தேவைக்கு மேல் இறுக்கினாலும் உலோகம் அளவுக்கு அது ரீடைப் படுத்தாது. மவுத்பீஸ் வேறு அளவாக இருந்தாலும் ஓரளவு பொருந்தும். எபனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்த மவுத்பீஸில் கீறல் விழாது. ஒலி சற்று இருண்டு, மென்மையாக இருக்கிறது என்பார்கள். குறையும் உண்டு. நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து துணி தொய்யும், திருகு அதன் கடைசி மரைவரை வந்துவிடும், அன்றோடு அதன் ஆயுள் முடிந்தது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரத்தோடு பெட்டிக்குள் வைத்து மூடினால் தோலில் பூஞ்சை பிடிக்கும். இன்னொன்றைப் பலரும் வாங்கிய பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்: துணி லிகேச்சர் தடிமனானது, பழைய மூடி அதன் மேல் ஏறாது. மூடியில்லாமல் ரீடு நுனி சட்டைப் பொத்தானில் பட்டு உடைந்தால் யாரை நோவது? மூடியோடு சேர்த்து வாங்குங்கள்.

இந்த வித்தியாசங்கள் எல்லாம் ஊதுபவருக்குக் கேட்கிற அளவு கேட்பவருக்குக் கேட்பதில்லை. காரணம் எளியது. நம் மேல்வரிசைப் பற்கள் மவுத்பீஸின் மேல் படிந்திருக்கின்றன. அதிர்வு பல் வழியாக, எலும்பு வழியாக நேரே நம் காதுக்குள் வருகிறது. எதிரே பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வழி கிடையாது, காற்றில் வருவது மட்டும்தான். ஆகவே லிகேச்சரைத் தனியாக ஊதிப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். நல்ல காது உள்ள நண்பர் ஒருவரை முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள். அதே மவுத்பீஸ், அதே ரீடு, அதே பாட்டு. எந்த லிகேச்சர் என்று சொல்லாமல் மாற்றி மாற்றி ஊதுங்கள். கீழ்ஸ்தாயியில் மெதுவாகத் தொடங்கும் ஒரு நீண்ட ஸ்வரம், பிறகு வேகமாக நாக்கு அடித்து ஒரு சரளி வரிசை, பிறகு மேல்ஸ்தாயிக்கு ஒரு தாவல். அவரால் இதுதான் அது என்று சொல்ல முடியவில்லை என்றால் உங்கள் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம். கேட்பவருக்குத் தெரியாவிட்டாலும் உங்களுக்கு ஊத இலகுவாக இருக்கிறது, மெல்லிய ஸ்வரம் தயங்காமல் பிறக்கிறது என்றால் அதுவும் நியாயமான காரணமே. இலகுவாக ஊதுபவன் நீண்ட நேரம் நன்றாக ஊதுவான்.

லிகேச்சரைக் குறை சொல்லுமுன் மாட்டுகிற முறையை ஒருமுறை சரிபாருங்கள். லிகேச்சரை முதலில் மவுத்பீஸில் தளர்வாக ஏற்றுங்கள், பிறகு ரீடை மேலிருந்து உள்ளே நழுவவிடுங்கள். ரீடை முதலில் வைத்து அதன் மேல் லிகேச்சரை ஏற்றினால் என்றாவது ஒருநாள் நுனி போய்விடும். கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ரீடு நுனிக்கு மேலே மவுத்பீஸின் கறுப்பு ஒரு மயிரிழை தெரிய வேண்டும், இரண்டு ஓரமும் ஒரே அளவில் படிந்திருக்க வேண்டும். லிகேச்சர் பட்டைப் பகுதியில் மட்டும் நிற்கட்டும், சீவிய இடத்தை மிதிக்க வேண்டாம். இரண்டு திருகு இருந்தால் கீழ்த் திருகை நன்றாகவும் மேல் திருகைப் பிடித்தும் பிடிக்காமலும் முடுக்குங்கள். பிறகு மவுத்பீஸைத் தனியே எடுத்து அடித் துளையை உள்ளங்கையால் அழுத்தி மூடி, மறுபக்கம் வாயால் காற்றை உறிஞ்சி, சட்டென்று வாயை எடுங்கள். ரீடு ஒரு கணம் ஒட்டியிருந்து 'டப்'பென்று விட்டால் கசிவில்லை. உடனே விட்டுவிட்டால் எங்கோ கசிகிறது. கீச்சுச் சத்தம் வருகிறது, லிகேச்சர் சரியில்லை என்று வருபவர்களில் பலருக்கு இந்தச் சோதனையே பதில் சொல்லிவிடுகிறது. ரீடு கோணியிருக்கும், அல்லது ஓரம் பிய்ந்திருக்கும், அல்லது மாதக்கணக்கில் ஒரே ரீடையே ஊதியிருப்பார்கள். வாண்டோரன் பெட்டியில் பத்து ரீடு இருக்கும். பேர்போன ஒரு லிகேச்சரின் விலையில் அப்படி ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டி வாங்கலாம். பத்தில் நான்கைத் தேர்ந்து முறைவைத்து மாற்றி ஊதுங்கள். எந்த லிகேச்சரும் தராத மாற்றத்தை அது தரும்.

இப்போது உங்களுக்குள் யாருக்கு எது.

தெருவில் நடந்துகொண்டே ஊதுகிற பேண்டு செட் தம்பிகளுக்கு உலோகம். டிரம்பெட்டுக்கும் டிரம்முக்கும் நடுவே ஒலி தெளிவாக வெளியே போக வேண்டும். மழை வரும், வெயில் வரும், நனைந்து காய்ந்தாலும் உலோகம் தொய்யாது. வெயிலில் மவுத்பீஸை வைத்துவிட்டுச் சாப்பிடப் போக வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எபனைட் வெயில் பட்டால் நிறம் மங்கிப் பச்சையும் பழுப்புமாக ஆகிவிடும்.

பள்ளியில் புதிதாகக் கற்கும் பிள்ளைகள், பெட்டியோடு வந்த லிகேச்சர் நசுங்காமல் இருக்கும்வரை வேறெதுவும் வாங்க வேண்டியதில்லை. நசுங்கிவிட்டால், அடுத்ததாக விலை குறைந்த துணி லிகேச்சர் ஒன்று வாங்கலாம்.

கர்நாடக இசை ஊதுகிறவர்களுக்கு என் தேர்வு துணி அல்லது தோல். இதை நான் ஆணித்தரமாகச் சொல்வேன். இந்த வாத்தியம் நமக்கு நேற்று வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே சின்ன மேளம் என்ற சதிராட்டக் குழுவுக்குள் வந்துவிட்டது. நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் ஆட்டத்துக்கும் கிளாரினெட் துணை நின்றிருக்கிறது. அந்த இடத்தைப் புல்லாங்குழல் பிடித்துக்கொண்டது பிறகுதான். திருச்சியின் ஏ.கே.சி. நடராஜன், நாதஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையிடமிருந்து 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்ற பட்டம் பெற்றவர், 2008இல் சங்கீத கலாநிதி ஆனவர். மேல்நாட்டு வாத்தியத்தில் கமகம் முழுமையாக வரும் என்று காட்டியவர். கமகத்துக்கு உதட்டின் அழுத்தம் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும், விரல் துளையிலிருந்து மெல்ல நழுவும். உதடு தளரும் அந்தக் கணத்தில் ரீடு பேச்சை நிறுத்திவிடக் கூடாது. அகலமாக, மெத்தென்று பிடிக்கிற லிகேச்சரில் அந்தத் தளர்ச்சிக்கு ரீடு இணங்கிப்போகிறது என்பது என் அனுபவம். தோடி ராகத்தில் காந்தாரத்தை அசைத்து ஊதிப் பார்த்து வாங்குங்கள்.

மேல்நாட்டுச் செவ்வியல் கற்று லண்டன் டிரினிட்டி தேர்வுகளுக்குப் போகிறவர்கள் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். தேர்வாளர் உங்கள் லிகேச்சரைப் பார்த்து மதிப்பெண் போட மாட்டார்.

பேண்டு மாஸ்டர்களுக்கும் பள்ளி இசை ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குழுவில் எல்லோரும் ஒரே கம்பெனி லிகேச்சர் வாங்கியாக வேண்டும் என்று சொல்லாதீர்கள். வாங்க முடியாத பிள்ளை வெட்கப்பட்டு வாத்தியத்தையே விட்டுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு உலோகமும் ஒரு துணியும் குழுவின் பொதுச் செலவில் வாங்கி வையுங்கள். பிள்ளைகள் தங்கள் மவுத்பீஸில் மாட்டி ஊதிப் பார்க்கட்டும். லிகேச்சரைப் பகிர்ந்துகொள்ளலாம், மவுத்பீஸையும் ரீடையும் பகிரக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிக்கொடுங்கள். லிகேச்சரே உடைந்துபோய் நாளை நிகழ்ச்சி என்று நிற்கும் பிள்ளைக்கு, நல்ல பருத்திக் கயிறு ஒன்று எடுத்துச் சுற்றிக் கட்டக் கற்றுக்கொடுங்கள். அவமானம் என்று அந்தப் பிள்ளை நினைத்தால், பெர்லினிலும் வியன்னாவிலும் பெரிய மேடைகளில் இப்படிக் கட்டி ஊதுகிற கலைஞர்கள் உண்டு என்று சொல்லுங்கள்.

தம்பி தங்கைகளே, புதிது வாங்குமுன் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பழைய லிகேச்சரைக் கழற்றி, உட்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள். திருகை வெளியே எடுத்து மரையில் சேர்ந்திருக்கும் களிம்பைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டுத் துடையுங்கள். புது ரீடு ஒன்றை வைத்து ஊதுங்கள். அதற்கு மேலும் குறை இருந்தால் எனக்கு எழுதுங்கள், என்ன வாங்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்